கப்பெஸ் என்ற பெயர் வந்த வழி

கப்பெஸ் குடும்பத்தார் இப்போது ஒயின் விற்கிறார்கள். ரைன் கரையில் அவர்களுக்குக் கல்வீடு இருக்கிறது. கதவில் செம்பு வளையம் தொங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் கோஸ் நாற்றுக்கும் முள்ளங்கிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. பெயர் மட்டும் கோஸ்தான். எங்கள் கொலோன் நகரத்துப் பேச்சில் கப்பெஸ் என்றால் முட்டைக்கோஸ். அதைப் பயிரிட்டுப் பிழைப்பவனையும் அந்தச் சொல்லாலேயே கூப்பிடுவார்கள்.

விருந்து நாட்களில் இரண்டு கோப்பை உள்ளே போனதும் அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். முதல் கப்பெஸ், ஹென்கென் என்பவர், நகரச் சுவரடியில் கிடந்த கல்மேட்டை ஒற்றை ஆளாகக் கொத்தித் திருத்தி, வண்டிச் சக்கரம் பருமனுக்குக் கோஸ் விளைவித்தாராம். வந்தவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். நான் அந்த மேட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. நேஸா என்று பெயர். கோழி வளர்த்து முட்டை விற்றுப் பிழைத்தவள். ஹென்கென் மண்வெட்டியை எடுத்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பதற்கு.

கொத்தியவள் அவன் மனைவி ட்ரூடா.

அவர்கள் எங்கள் தெற்கு வாசல் பக்கம் குடிவந்தபோது ஹென்கெனுக்குக் கால் போயிருந்தது. படகுத்துறையில் சுமை இறக்கும்போது ஒரு பீப்பாய் உருண்டு வலது முழங்காலை நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவனை ஊர் 'நொண்டி ஹென்கென்' என்றுதான் அழைத்தது. எங்கள் தெருவிலேயே ஹென்கென் என்று நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் தச்சன், ஒருவன் சிவப்புத் தலையன். அடையாளத்துக்கு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவன் முகம் சுருங்கும். வாய் நிறையப் பேசுகிற மனிதன் சட்டென்று ஊமையாகிவிடுவான். ட்ரூடா அதைக் கவனித்துக்கொண்டே இருப்பாள்.

சுவரடி மேடு கன்னியர் மடத்துக்குச் சொந்தம். உடைந்த ஓடு, கசாப்புக் கடைக் கழிவு, செத்த நாய், எல்லாம் அங்கேதான் வந்து விழும். அதைக் குத்தகைக்குக் கேட்டு ட்ரூடா மடத்து வாசலில் போய் நின்றபோது மடத்துக் காரியக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். கொடுத்தார். புருஷன் பெயரில் கொடுத்தார். அப்படித்தான் வழக்கம்; அவளும் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கல் பொறுக்கவே ஒரு குளிர்காலம் ஆயிற்று. பிறகு நகரத்துக் கக்கூஸ் குழிகளை அள்ளுகிற வண்டிக்காரர்களைக் கெஞ்சி, அவர்கள் ரைனில் கொட்டப் போவதைத் தன் மேட்டில் கொட்டச் சொன்னாள். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

"ஏண்டி ட்ரூடா, கோஸ் போடறியா, இல்ல எங்கள ஊரவிட்டே தொரத்தறியா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"உன் கோழி நாத்தத்த நான் பொறுத்துக்கறேன்ல? நீ இதப் பொறுத்துக்கோ. அறுவடைல உனக்கு ஒரு கோஸ் தரேன், வாய அடைச்சுக்கோ!" என்று அவளும் கத்தினாள்.

தந்தாள். அதைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அவளுடைய கோஸ் வேறு மாதிரி. மற்றவர்களுடையது தளதளவென்று இலை விரித்து நிற்கும், கிறிஸ்துமஸுக்குள் அழுகிவிடும். இவளுடையது கல் மாதிரி இறுகியிருக்கும். பூமிக்கு அடியில் வைத்தால் ஈஸ்டர் வரை தாங்கும். அது விதையில் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் அறுவடைக்கு முன்னால் மேடு முழுக்கக் குனிந்து குனிந்து தடவிப் பார்ப்பாள். ஒன்றையொன்று மிஞ்சுகிற தலைகளாகப் பொறுக்கி, வேரோடு பிடுங்கி, நிலவறை மணலில் புதைத்துவைப்பாள். 'தாய்கள்' என்பாள் அவற்றை. பனி உருகியதும் அவற்றை வெளியே நட்டால் தலை பிளந்து மஞ்சள் பூ பூக்கும், காய் காய்க்கும், அதில் விதை. பார்ப்பதற்குக் கடுகேதான். அந்த விதையை விதைத்தால் அடுத்த வருடம் கோஸ். அதிலிருந்து மறுபடியும் தாய்கள். இப்படி இருபது வருடத்துக்கு மேல் ஒரே வம்சத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தாள். அவள் வயிற்றில் பிறந்தவை மூன்றும் நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டன. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

ஹென்கென் சோம்பேறிதான், ஆனால் கெட்டவன் இல்லை. அவன் வேலை சந்தையில். வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கூவுவான். அந்தக் குரலுக்கு ஊரே திரும்பும்.

"வாங்கம்மா, தட்டிப் பாருங்க! கல்லு மாதிரி இருக்கும். எம் பொண்டாட்டி மனசு மாதிரி கெட்டி, எம் பேச்சு மாதிரி இனிப்பு!"

பின்னால் நின்று வேர் நறுக்கிக்கொண்டிருக்கும் ட்ரூடா, "பேச்ச மட்டும் வெலைக்கு வாங்கிறாதீங்க, ஒரு வாரம் தாங்காது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

பெரிய வீட்டுச் சமையற்காரி ஒருத்தி ஒருநாள் கோஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீயா போட்டது?" என்று அவனைக் கேட்டாள்.

"பின்ன, ஆர்ச்பிஷப்பா வந்து போட்டாரு?"

அவ்வளவுதான் சொன்னான். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் அவள் வந்து "எங்க அந்தக் கப்பெஸ்காரரு?" என்று தேடினாள். அதற்கடுத்த மாதம் பாதிச் சந்தை அவனைக் கப்பெஸ் என்றது. வருடம் திரும்புவதற்குள் நொண்டி ஹென்கென் என்ற ஆள் ஊரில் இல்லை. கப்பெஸ் ஹென்கென்தான் இருந்தான்.

"உனக்குக் கோபம் வரலயாடி? கொத்தறது நீ, பேரு அவனுக்கு?" என்று கேட்டேன்.

"நொண்டின்னு கூப்பிட்டா ராத்திரி சாப்பிட மாட்டான் நேஸா. இப்ப ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிக்கறான். போகட்டும்" என்றாள். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. புருஷனுக்கு ஒரு புதுச் சட்டை தைத்துப் போட்ட மாதிரி.

எங்கள் வாசல் பக்கத்துக் குடியானவர்களுக்குப் பஞ்சாயத்து மாதிரி ஒரு பெஞ்சு உண்டு. வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் அங்கே தீரும். அதில் இடம் கிடைத்தவன் ஊர்வலத்தில் மெழுகுவர்த்தி பிடித்து முன்னால் நடக்கலாம். ஹென்கெனைப் பெஞ்சில் சேர்த்த அன்று நானும் ட்ரூடாவும் கதவோரம் நின்று பார்த்தோம். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. தலைவர் கோபெல், தடித்த கழுத்து, மெல்லிய குரல், எழுந்து நின்று கேட்டார்.

"ஹென்கென்னு ஏற்கெனவே ரெண்டு பேர் இங்க உக்காந்திருக்காங்க. உன்ன என்னன்னு கூப்பிடறது?"

"கப்பெஸ்னு ஊரே கூப்பிடுதுங்க."

"அப்ப அதே இருக்கட்டும். நீயும் உன் வாரிசும் கப்பெஸ்."

எல்லாரும் கோப்பையைத் தூக்கினார்கள். யாரோ ஒருவன் கதவுப் பக்கம் திரும்பி, "அப்ப அங்க நிக்கற அம்மாவுக்கு என்ன பேரு?" என்று கேட்டான்.

"கப்பெஸின்!" என்றார் கோபெல். எங்கள் ஊரில் ஒருவன் பெயரோடு அந்த வாலைச் சேர்த்தால் அவன் பெண்டாட்டி என்று அர்த்தம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ட்ரூடா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஆட்டுச் சந்தைத் திருப்பத்தில் நின்று என்னைப் பார்த்தாள். "கோஸ் போட்டதால அவன் கோஸ்காரன். அவனக் கட்டினதால நான் கோஸ்காரன் பொண்டாட்டி. சரியா சொல்றனா?"

"சரிதான்."

"இது எங்கியோ சுத்திக்கிட்டு வந்து என் தலையில இடிக்குது நேஸா" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஹென்கென் காய்ச்சலில் செத்தான். அறுவடை முடிந்து தாய்களை மணலில் புதைத்த வாரம் அது. கடைசி நாள் நான் கோழிச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் ட்ரூடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம ஒன்னும் இல்லாமப் போகலடி. பேரு நிக்கும்" என்றான்.

"வாயப் பேசாம இதக் குடி" என்றாள் அவள். குடித்தான். இரண்டு வாய். அவளுக்கு அவன் மேல் ஆசை இருந்தது. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். புதைத்துவிட்டு வந்து மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

அடக்கத்துக்கு மேல்நதிப் பக்கத்திலிருந்து ஹென்கெனின் தம்பி மகன் டில்மன் வந்திருந்தான். ஆண்டர்நாக் படகுகளில் துடுப்புப் போட்டவன். அகலமான தோள், பெரியப்பன் மாதிரியே கணீரென்ற குரல். வந்தவன் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலை கோபெலும் அவனும் ஒன்றாக ட்ரூடா வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தேன். முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு நானும் நுழைந்தேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. முட்டைக்காரியை யார் கவனிக்கிறார்கள்?

கோபெல் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். "மடத்துல பேசிட்டேன் ட்ரூடாம்மா. குத்தகை ஹென்கென் கப்பெஸ் பேர்ல இருக்கு. அந்தப் பேருக்கு ஒரு ஆம்பள வாரிசு வேணும். தம்பி டில்மன் எடுத்துக்கறாரு. பெஞ்சுலயும் அவருக்கு இடம்."

"நிலத்த நான்தான கேட்டேன்? மடத்துல நானே போய்க் கேட்டு வாங்கினது."

"கேட்டது நீயா இருக்கலாம். பேரு அவரு பேரு."

"அந்தப் பேரு எப்படி வந்துச்சு ஐயா?"

"கோஸ் போட்டதால வந்துச்சு."

"யாரு போட்டா?"

கோபெல் தொப்பியின் ஓரத்தைத் தடவினார். மோசமான மனிதர் இல்லை அவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது. கனிவாகச் சொன்னார்: "நீ ஒத்தாசையா இருந்தது ஊருக்கே தெரியும்மா. யாரும் அத இல்லன்னு சொல்லல."

ட்ரூடா அந்தச் சொல்லை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "ஒத்தாசை."

டில்மன் முன்னால் வந்து அவள் தோளைத் தொட்டான். "பெரியம்மா, உங்கள யாரு வெளிய போகச் சொன்னா? இங்கியே இருங்க. நீங்க வழக்கம்போல வேலையப் பாருங்க, நான் பெரியப்பா மாதிரி சந்தையப் பாத்துக்கறேன். கஞ்சிக்குக் கொறவு வெக்க மாட்டேன். ஈஸ்டருக்கு அப்பறம் கல்யாணம் கட்டப் போறேன், அவளும் உங்களுக்குத் தொணையா இருப்பா."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவளுக்கு அது ஒரு நல்ல ஏற்பாடு என்றே நினைத்தான்.

அவள் அழுவாள், மடத்து வாசலில் போய் விழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். மடத்துக்குப் போனாள். காரியக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்தவள் அன்றிலிருந்து அமைதியாகிவிட்டாள். டில்மனுக்கு விருந்துச் சட்டை தைத்துக் கொடுத்தாள். புதிதாகப் பெஞ்சில் சேர்பவன் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும். அதை ஈஸ்டர் நோன்புக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே நாள் சொன்னாள். சமையலையும் தானே செய்வதாகச் சொன்னாள்.

"பாத்தியா, பெரியம்மா ஒத்து வந்துட்டாங்க" என்று டில்மன் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னான்.

விருந்தன்று காலை என்னை ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருந்தாள். போனேன். பெரிய செப்புக் கொப்பரை அடுப்பில் ஏறியிருந்தது. பன்றிக் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. அவள் நிலவறைப் படியில் ஏறி வந்தாள், இரண்டு கக்கத்திலும் கோஸ். வெட்டுப் பலகையில் வைத்தாள். வேர் இருந்தது. வேரில் மணல் இருந்தது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அந்த மணலைத் தொட்டுப் பார்த்தேன்.

"ட்ரூடா, இது தாய்ங்கடி."

"ஆமா."

"பைத்தியமா உனக்கு? மிச்சக் கோஸ் அங்க கெடக்கே, அத வெட்டு."

"அது அவங்களுக்குப் போதாது. பெரிய விருந்து."

கத்தியை நடுவில் வைத்து அழுத்தினாள். கறக்கென்று பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, மடிப்பு மேல் மடிப்பாக, நடுவில் அந்தச் சின்ன மஞ்சள் குருத்து. வசந்தத்தில் பூவாக வேண்டியது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நறுக்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துவந்தாள். நிலவறையில் ஒன்றையும் விடவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். தள்ளிவிடவில்லை, நான் விடும்வரை சும்மா நின்றாள். விட்டேன். மறுபடி நறுக்கினாள்.

பிறகு கழுத்திலிருந்து ஒரு துணிப்பையைக் கழற்றினாள். வரப்போகும் வசந்தத்துக்கும் அதற்கடுத்ததுக்கும் எடுத்துவைத்த விதை. ஆட்டுக்கல்லில் கொட்டினாள்.

"இதாவது வேணாம்டி" என்றேன். "எனக்காவது ஒரு கைப்பிடி குடு. நான் ஒளிச்சு வெக்கறேன். நாளைக்கு உனக்கே மனசு மாறும்."

"மாறும்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தான் இன்னிக்கே அரைக்கறேன்."

வினிகர் ஊற்றி, உப்புப் போட்டு அரைத்தாள். கடுகு விழுதாட்டம் வந்தது.

பெஞ்சு முழுவதும் வந்து உட்கார்ந்தது. டில்மன் நடுவில். கோபெல் கோப்பையைத் தூக்கி, "கப்பெஸ்!" என்றார். "கப்பெஸ்!" என்று சுவர் அதிர்ந்தது. கொழுப்பில் வெந்த கோஸையும் பன்றித் துடையையும் ட்ரூடா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். பிசாசு பிடித்த மாதிரித் தின்றார்கள். கோபெல் மூன்று தடவை வாங்கினார். தச்சன் ஹென்கென் தாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"கோஸ் தேனு! ஆனா கடுகுலதான் காரம் பத்தல ட்ரூடாம்மா."

"அடுத்த தடவ நல்ல கடுகா வாங்கறேன்" என்றாள்.

நானும் தின்றேன். மறைக்க மாட்டேன். பசி வேறு, மணம் வேறு. அப்படி ஒரு கோஸை அதற்கு முன்னும் தின்றதில்லை, பிறகும் தின்றதில்லை. ட்ரூடா ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கொப்பரையைச் சுரண்டி, சுரண்டலையும் நாய்க்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது அவளுக்கு. பிள்ளைகளைப் புதைத்த நாட்களில் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

பனி உருகியதும் டில்மன் நாற்றங்கால் எங்கே போடலாம் என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"வெத எங்க பெரியம்மா?"

"நீங்க எல்லாரும் தின்னுட்டீங்க."

"என்னது?"

"கோஸுன்னு தின்னது தாய்ங்க. கடுகுன்னு தொட்டுக்கிட்டது வெத. ஒன்னும் மிச்சமில்ல தம்பி. நான் வெறும் ஒத்தாசைதான? எங்கிட்ட எப்படி இருக்கும்?"

அவன் போட்ட சத்தத்தில் என் கோழிகள் கூரையேறின. கோபெல் வந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் என்ன செய்வார்? எந்த வழக்கில் போடுவார்? தன் வீட்டு நிலவறைப் பண்டத்தை விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டது குற்றமா? அதோடு, குடியானவர் பெஞ்சு முழுக்க உட்கார்ந்து கோஸ் விதையைக் கடுகென்று நக்கியது வெளியே தெரிந்தால் நகரமே சிரிக்கும். "இது இந்தச் சொவத்தத் தாண்டக் கூடாது" என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். தாண்டவில்லை. அதனால்தான் இந்தக் கதை இன்று யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே டில்மன் அவளுடைய மூட்டையைத் தெருவில் வைத்தான். என் கோழிக் கொட்டடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அங்கே வந்து சேர்ந்தாள். பீர் காய்ச்சும் வீட்டில் பீப்பாய் கழுவப் போனாள்.

கப்பெஸ் என்ற பெயர் அந்த வருடத்தோடு செத்துவிடும் என்று அவள் நினைத்தாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, சந்தை நாள் நெருங்கியபோது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. டில்மன் எங்கிருந்தோ மலிவு விதை வாங்கிப் போட்டிருந்தான். விளைந்தது கோஸே இல்லை, கீரை. தொட்டால் பொலபொலவென்று இலை விரியும். நாங்கள் இருவரும் சந்தைக்குப் போய் ஒரு தூண் பக்கம் நின்று பார்த்தோம்.

டில்மன் வண்டி மேல் உட்கார்ந்து பெரியப்பன் குரலில் கூவினான். பெரிய வீட்டுச் சமையற்காரி, பழைய அதே ஆள், வந்து ஒரு தலையைத் தூக்கினாள். எடை இல்லை. புரட்டினாள். முகம் சுளித்தாள்.

"என்ன இது, இந்த வருஷம் இப்படி இருக்கு?"

"மழைம்மா. ஊரு முழுக்க அப்படித்தான். ஆனா இது கப்பெஸ் கோஸ்."

"அதுவும் சரிதான்" என்றாள். "மத்தவன்கிட்ட இன்னும் கேவலமா இருக்கும்." வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் மடத்து ஆள். நண்பகலுக்குள் வண்டி காலி.

ட்ரூடா தூணில் சாய்ந்தாள். "வித்துட்டான்" என்றாள்.

"ஒரு வருஷம் ஏமாறுவாங்க. அடுத்த வருஷம் பாரு."

"இல்ல நேஸா. இனிமே கோஸே வேணாம். அந்தப் பேரே போதும்."

அவள் சொன்னதுதான் நடந்தது. அடுத்த வருடம் டில்மன் கோஸோடு ஊறுகாய் விற்றான், பிறகு மடத்து ஒயினை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது, நம்பிக்கையான பெயர் என்று. பகல் முழுக்கத் துறையில் இருந்தான். மேட்டை அவன் மனைவியிடம் விட்டுவிட்டான்.

அவள் பெயர் ஸ்டீனா. ஈஸ்டருக்குப் பிறகு வந்தவள். விருந்து பற்றியோ விதை போன விதம் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. கிராமத்துப் பெண், பத்தொன்பது வயது இருக்கும், கை கால் எல்லாம் எலும்பு. என் வேலியிலிருந்து பார்த்தால் அவள் குனிந்த முதுகுதான் எப்போதும் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு கொத்தினாள். சாண வண்டிக்காரர்களை அவளும் கெஞ்சினாள்.

ஒரு மழை நாளில் அவள் என் கதவைத் தட்டினாள். பாவாடை முட்டிவரை சேறு.

"பெரியம்மா இருக்காங்களா?"

ட்ரூடா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பீப்பாய்த் தண்ணீரில் வெடித்த கைகளுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஸ்டீனா வாசலிலேயே நின்று சொன்னாள்: "கோஸ் இறுகவே மாட்டேங்குதுங்க. நானும் ரெண்டு வருஷமாப் பாக்கறேன். எல, எல, எல. உங்களோடது கல்லு மாதிரி இருக்கும்னு சந்தையில இன்னும் சொல்றாங்க. அத எப்படின்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா நான் மெதுவா பண்ணிக்குவேன். வெதை இல்லன்னு தெரியும். முறைய மட்டும் சொல்லுங்க."

ட்ரூடா கையிலிருந்த கொழுப்பைத் துடைத்தாள். "கொஞ்சமாச்சும் இறுகினது எத்தன இருக்கு?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. பழைய குரல்.

"ரெண்டோ மூணோ. ஓரத்துல, சொவத்துப் பக்கம்."

"அத வெட்டாத. வேரோட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இருக்கற நல்லதையெல்லாம் பொறுக்கி வளத்து, கெட்டியாக்கி, யாருக்குக் குடுக்கப் போற?"

ஸ்டீனாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "யாருக்கா? வீட்டுக்குத்தான். அவரு பேரு நல்லா இருக்கணும்ல?"

ட்ரூடாவின் முகம் மூடிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. நான் பீப்பாய் கழுவறவ" என்றாள்.

அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் மழையில் நின்றாள். பிறகு போனாள்.

"ஏண்டி இப்படி?" என்று நான் சீறினேன். "அந்தக் கொழந்தை உனக்கு என்ன பண்ணிச்சு? நிலத்தப் புடுங்கினது அவளா?"

"இல்ல."

"பின்ன?"

"சொல்லிக் குடுத்தா அவளும் இருவது வருஷம் குனிவா."

"சொல்லிக் குடுக்கலன்னாலும் குனிவாடி! வீணா குனிவா!"

அவள் கொழுப்புக் கிண்ணத்தை மூடி வைத்தாள். அன்று இரவு கஞ்சியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிற்று. மறுநாள் நான் போய் எனக்குத் தெரிந்ததை, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததை, ஸ்டீனாவிடம் சொன்னேன். கோழிக்காரி சொன்னது எவ்வளவு சரியோ! மணலில் புதைத்தவை பாதி அழுகின. மீதி பூத்தன, காய்த்தன. அதில் வந்த கோஸ் சுமாராக இருந்தது. ஒருநாளும் கல்லாகவில்லை.

ட்ரூடா அதற்கடுத்த நோன்புக் காலத்தில் இருமல் வந்து இறந்தாள். குளிப்பாட்ட ஆள் கூப்பிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்டீனா வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, அதைக் கோழிக் கூடைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, எதுவும் கேட்காமல் ட்ரூடாவின் தலைமுடியைப் பிரித்தாள். மெதுவாக, வலிக்கக் கூடாது என்பது போலக் குளிப்பாட்டினாள். நகக்கண்ணில் இருந்த அழுக்கை ஒரு குச்சியால் எடுத்தாள். துணி சுற்றி முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"பெரியம்மாவுக்கு எம் மேல என்ன கோபங்க?"

"உன் மேல இல்லம்மா" என்றேன்.

அவள் அதை நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வெளியே மழை விட்டிருந்தது. நடுவதற்கு நல்ல ஈரம் என்று சொல்லிவிட்டு மேட்டுக்குப் போனாள்.